சும்மா போன தூக்குவாளி

என் சமையலறைச் சுவரில் தொங்கும் அலுமினியத் தூக்குவாளி என்னுடையது அல்ல. அதன் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கிறது. அந்த நசுங்கலுக்கு நேராக மூடியை வைத்து அழுத்தினால்தான் மூடும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கை சுடாமல் இருக்க யாரோ கைப்பிடியில் நீல நைலோன் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு புதுசு வாங்கக் கூடாதா என்பார்கள். நான் சிரித்துச் சமாளிப்பேன். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை, இந்த ஒன்றைத் தவிர. இதையும் வாளிக்குச் சொந்தக்காரர்கள் சொல்லவில்லை, நானேதான் தினமும் சொல்லிக்கொண்டேன்.

இந்த வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் மிஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கையில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தாதிமார் எல்லோரும் மிஸிதான் என்றாலும், மிஸி என்று மட்டும் சொன்னால் அது அவர் ஒருவரையே குறிக்கும். ஆறடி உயரம், வெள்ளைத்தோல், காலில் ஆண்களுடைய சப்பாத்து. இளம் வயதில் ஒரு மிஷன் மூலம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்து, பிரசவ வார்டிலேயே காலத்தைக் கழித்து, வேலையை விட்ட பிறகும் ஊருக்குப் போகாமல் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டவுக்குப் போகும் பாதையோரம் ஒரு மேட்டு வீட்டில் தங்கிவிட்டவர். அவருடைய தமிழ் முழுக்க பிரசவ அறையில் கற்ற தமிழ். காஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறவனைப் பார்த்து, "மூச்ச இழு, இன்னும் கொஞ்சம், இதோ வந்திருச்சு," என்பார். அந்த வீட்டில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். சமையல், மருந்து, ஆஸ்பத்திரி, வருடாவருடம் விசா அலுவலகம் என்று எல்லாம் என் தலையில்தான்.

ஊரார் அவரை ஜெர்மன்காரி என்றார்கள். ஆனால் அவர் பிறந்தது பிரேசிலின் தெற்கே, ஜெர்மானியர் குடியேறிய ஒரு சின்ன நகரத்தில். "எங்க தாத்தா காலத்துலயே கப்பல் ஏறிட்டோம். உங்கள மாதிரித்தான். உங்கள இந்தியாவுல இருந்து தோட்டத்துல வேலை வாங்க ஏத்துனாங்க, எங்களக் காணி தாறோம்னு ஏத்துனாங்க," என்று ஒருமுறை சொன்னார். இங்கே வந்து இறங்கிய முதல் நாளே கதிரை, அலுமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அவருக்கு விளங்கினவாம். பிரேசில் தெருவில் பேசிய போர்த்துக்கீசச் சொற்கள் அப்படியே எங்கள் வாயிலிருந்து வந்தால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது? அவரது அப்பா அந்தச் சொற்களை வீட்டுக்குள் பேசவிடமாட்டாராம். ஜெர்மன் மட்டும்தான் பேச வேண்டும், தவறினால் அடி. அதைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாமார் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வெள்ளைக்காரருக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்தால் பிடிக்கும் என்று ஒரு ஹோட்டல் சமையல்காரர் சொல்லியிருந்தார். நானும் கரட், கோவா, உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி என்று ஒரே சட்டியில் போட்டு, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் மேசையில் வைத்தேன். மிஸி மூடியைத் திறந்து பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. "ஞாயித்துக்கிழம ஒரே சட்டியில ஆக்காத. மத்த நாள் என்ன வேணும்னாலும் செய்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று பேக்கரிப் பாணும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு பதினாறு வருடமும் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இரண்டு சட்டி இருந்தே ஆக வேண்டும். கறி வைக்கச் சோம்பலாக இருந்தால் இரண்டாவது சட்டியில் ஒரு கிழங்கையாவது அவிப்பேன். பெரிய மனுஷருடைய கிறுக்கு என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அதுதான் நோன்புக் கஞ்சி. எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்தொரு படி இறங்கினால் தெரு. தெருவுக்கு எதிர்ப்புறம் நானாவின் சில்லறைக் கடை. எங்களைவிட மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்போம், ஆனாலும் எனக்கு நானா என்றால் அவர்தான். ஒவ்வொரு நோன்பு மாதமும் மாலையில் பள்ளிவாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றுவார்கள். எங்கள் பங்கு இந்தத் தூக்குவாளியில் வரும். நானாவின் மனைவி படியடியில் நின்று குரல் கொடுப்பார், நான் இறங்கிப் போய் வாங்குவேன். தேங்காய்ப்பாலும் ரம்பை இலையும் இஞ்சியும் கலந்த அந்த வாசனை படியேறி முடிப்பதற்குள் என் பசியைக் கிளப்பிவிடும். மிஸி அதை ஞாயிற்றுக்கிழமையும் குடிப்பார். "இதுவும் ஒரே சட்டிதானே மிஸி?" என்று சீண்டினால், "இது வேற," என்பார். மறுநாள் காலை பாண் வாங்கப் போகும்போது வாளியைக் கழுவிக் கொண்டுபோய்க் கடையின் கொக்கியில் மாட்டுவேன். சாப்பாடு வந்த பாத்திரத்தைச் சும்மா அனுப்பக் கூடாது என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிஸி வீட்டுப் பின்பக்கத்தில் நல்ல தேசிக்காய், அதாவது எலுமிச்சை, மரம் ஒன்று நின்றது. நாலு தேசிக்காய், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலை போட்டுத்தான் அனுப்புவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பதினைந்தாம் வருடம், ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிறு அன்று, முஸ்லிம் தீவிரவாதக் கும்பல் ஒன்று தேவாலயங்களில் குண்டு வெடிக்க வைத்தது. நான் கத்தோலிக்கப் பெண். அன்று காலை நானும் பூசைக்குப் போயிருந்தேன். எங்கள் கோவிலில் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் ஞாயிறு பூசையைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி. என் கோபம் பொய்யல்ல, பயமும் பொய்யல்ல. அந்தக் கோபமும் பயமும் எந்த வழியால் போய் எங்கே நின்றன என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சொந்தக்காரர்கள் தொலைபேசியில் செய்திகளை அனுப்பியபடி இருந்தார்கள். முஸ்லிம் கடையில் வாங்காதே, சாப்பாட்டில் மருந்து கலக்கிறார்கள், பெண்பிள்ளைகளின் கர்ப்பப்பை பழுதாகிவிடும். என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. முதல் செய்தியைப் பார்த்துச் சிரித்தேன். பத்தாவது செய்தி வந்தபோது சிரிக்கவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று ஒரு பழமொழி இருப்பது எவ்வளவு வசதி! நான் சந்திவரை நடந்து போய் வேறு கடையில் பாண் வாங்க ஆரம்பித்தேன். அங்கே தெரிந்த முகங்கள் எல்லாம் நின்றன. ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நானாவின் கடையை யாரும் உடைக்கவில்லை, ஒரு கல்கூட எறியவில்லை. அவர் மேசைக்குப் பின்னால் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கடையில் ஈ ஆடும்.

அந்த நிலைமையில் நோன்பு பிறந்தது. முதல் நாளே படியடியில் குரல் கேட்டது. நான் இறங்கிப் போய் வழக்கம்போல் சிரித்து வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் போய் வாழைமரத்தடியில் கஞ்சியைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். இந்த வருடம் கஞ்சி காய்ச்சவில்லையாம் என்று மிஸியிடம் சொல்லி ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். மறுநாள் வாளியை எடுத்துக்கொண்டு தேசிக்காய் மரத்தடிக்குப் போனேன். கை காய்வரை போய்த் திரும்பிவிட்டது. கொட்டிய கஞ்சிக்குக் காய் போட்டு அனுப்ப என்னால் முடியவில்லை. அந்த அளவுக்குப் பொய் சொல்ல வரவில்லை என்று என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். நானா உள்ளே திரும்பி நின்ற நேரம் பார்த்து, வெறும் வாளியைக் கொக்கியில் மாட்டிவிட்டு நடந்தேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே.

நாலாம் நாள் மாலை படியடியில் குரல் கேட்கவில்லை. யாரோ மெதுவாகப் படியேறி வரும் சத்தம் கேட்டது. நானா. அவருக்கு முழங்கால் வாதம், நான் அறிய ஒரு நாளும் அந்தப் படிகளில் ஏறியதில்லை. நோன்போடு வேறு. கதவு இடுக்கால் பார்த்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, மறு கையில் வாளியோடு நின்று இளைத்தார். கதவைத் தட்டி, "தங்கச்சி," என்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைதான். மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு வாளியை வாசற்படியில் வைக்கும் சத்தம். பிறகு அந்தக் கால் இழுபடும் சத்தம், நாற்பத்தொரு படியும்.

திரும்பினால் மிஸி ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கதவத் தெறக்கல?"

"கேக்கல மிஸி."

"பொய். மூணு நாளா வாளி சும்மா போகுது. நீ சும்மா அனுப்புற ஆள் இல்ல."

தொண்ணூறு தாண்டிய கண்ணுக்குத் தெரு தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. "அத எப்படிக் கண்டீங்க?" என்று கேட்டேன்.

"சட்டியப் பாக்குறது பத்து வயசுல நான் பழகின வேல," என்றார்.

அன்றுதான் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வருடங்கள். அவர்களுடைய நகரத்துக்கு ஜெர்மனியிலிருந்து புதிதாக ஒரு வாத்தியார் வந்தாராம். ஹிட்லரின் கட்சிக்கு அங்கே ஒரு கிளை வைத்தார். ஒரு மண்டபம், ஒரு கொடி, தலைவரின் ஒரு படம். நீங்கள் காட்டுக்குள் தொலைந்துபோன உயர்ந்த மக்கள் என்று எல்லோருக்கும் சொன்னார். மிஸியின் அப்பா மரம் அறுக்கிறவர். பிரேசில்காரர் அவரை ஜெர்மன்காரன் என்பார்கள், ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் காட்டான் என்பார்கள். இரண்டு தலைமுறையாகக் கோடரி பிடித்தவனிடம் போய் நீதான் உயர்ந்தவன் என்று சொன்னால் எவனுக்குத்தான் நெஞ்சு நிமிராது? இங்கே கள்ளத்தோணி, இந்தியாவுக்குப் போனால் அங்கேயும் அந்நியன் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடம் மட்டும் நன்றாக விளங்கியது. விளங்கியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கட்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்ததாம். வருடத்தில் சில மாதங்கள், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே சட்டியில்தான் சமைக்க வேண்டும். மிச்சம் பிடித்ததைத் தாய்நாட்டு ஏழைகளுக்கென்று உண்டியலில் போட வேண்டும். உண்டியல் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது பிள்ளைகளின் வேலை. அடுப்பில் எத்தனை சட்டி என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவதும் அவர்கள் வேலைதான். வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டுக்கொண்டு மிஸி போயிருக்கிறார். பேக்கரிக்காரரின் மனைவி எப்போதும் போல அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். அவள் அடுப்பில் இரண்டு சட்டி இருந்தன. மேல்மாடியில் ஒரு யூதக் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்கள் பன்றி இறைச்சி சாப்பிடமாட்டார்கள், அதனால் அவர்களுக்கென்று அவள் தனியாக ஒரு சட்டி வைத்திருந்தாள்.

"கேக்கத் தின்னு முடிச்சேன். வாயத் தொடச்சேன். இரண்டு சட்டின்னு எழுதுனேன். என் எழுத்து ரொம்ப வடிவா இருக்கும்," என்றார் மிஸி.

அடுத்த கூட்டத்தில் பேக்கரிக்காரரின் பெயரை மண்டபத்தில் வாசித்தார்கள். மிஸிக்குக் கைதட்டல் கிடைத்தது. "ஒரு கண்ணாடியும் உடைக்கல. ஒருத்தரையும் அடிக்கல. பாண் வாங்காம விட்டாங்க. அவ்வளவுதான்." சில மாதங்களில் பேக்கரி மூடப்பட்டது. மேல்மாடிக் குடும்பமும் போய்விட்டது. பிறகு அரசாங்கம் அந்தக் கட்சியைத் தடை செய்தபோது அப்பா தலைவரின் படத்தை அடுப்பில் போட்டாராம். அதற்குப் பிறகு சாகும்வரை யார் கேட்டாலும், "நாங்கள் என்ன செய்தோம்? பாட்டுப் பாடினோம், சூப் குடித்தோம்," என்றுதான் சொன்னாராம்.

"அந்த பேக்கரிக்காரம்மா எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஊர் தள்ளி. எனக்குத் தெரியும். நான் நர்ஸ் படிச்சு முடிச்சு இங்க வாற வரைக்கும் அவ அங்கதான் இருந்தா. பஸ் போகும். நான் போகல."

என்னால் தாங்க முடியவில்லை. "இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க," என்று அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "எனக்குத் தெரிஞ்சா நான் செஞ்சிருக்கமாட்டேனா?" என்றார். பிறகு வாசலில் இருந்த வாளியைக் கொண்டுவரச் சொன்னார். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சுடவைக்கவும் விடாமல் முழுவதையும் கரண்டி கரண்டியாகக் குடித்தார். வயது போன ஒரு மனுஷிக்கு அது மிக அதிகம். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

மறுநாளே நான் போயிருக்க வேண்டும். காலையில் மரத்தில் இருந்த நல்ல காயாகப் பார்த்துப் பறித்து வாளி நிறையப் போட்டேன். தெருவில் ஆட்கள் நின்றார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மாலைக்குத் தள்ளிவைத்தேன். மாலையில் நாளைக்கு என்றேன். பிறகு வேறு ஊர்களில் கலவரம் என்று ஊரடங்கு போட்டார்கள், எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ஊரடங்கு எடுத்து நான் இறங்கிப் போனபோது கடை மூடியிருந்தது, கதவில் வாடகைக்கு என்று எழுதிய தாள். திகனவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அதற்கு முந்திய வருடம் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த அதே திகன. வாளியோடு படியேறி வந்து தேசிக்காய்களை மேசையில் கொட்டினேன். மிஸி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மிஸி போய்விட்டார். கொரோனாக் காலம், அடக்கத்துக்கு ஐந்தாறு பேர்தான். அவர் கையில் பிறந்தவர்கள் மட்டும் வந்திருந்தாலே பாதை அடைத்திருக்கும். வீட்டை மிஷன் திருப்பி எடுத்துக்கொண்டது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவரது கதிரையைக் கேட்டேன். என்னுடையது இல்லாத இந்த வாளியையும் எடுத்துக்கொண்டு கண்டிக்கு வந்து ஒரு சின்ன வீட்டில் குடியேறினேன்.

விதியைப் பாருங்கள், என் வாசலுக்கு முன்னால்தான் திகன பஸ் நிற்கும். காலையில் கோலாட்டம் போல நடத்துநர் பஸ்ஸைத் தட்டித் தட்டி, "திகன, திகன," என்று கூவுவான். தேநீர்க் கோப்பையோடு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பஸ் போகும், நான் போகல. மிஸி அந்தப் பிரேசில் ஊரில் எத்தனை வருடம் இப்படி ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்று நினைப்பேன். நினைப்பதோடு சரி. ஐந்து நோன்பு வந்து போயின.

போன நோன்பில், தலைப்பிறை கண்ட மூன்றாம் நாள், சந்தையில் தேசிக்காய் வாங்கி வாளியை நிரப்பிக்கொண்டு ஏறிவிட்டேன். பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை. அன்று நடத்துநர் என்னைப் பார்த்து, "ஏறுங்க அம்மா," என்றான், அவ்வளவுதான். திகனவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. நானா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தவர் முகத்தைப் பார்க்காமல் முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

"வாங்க தங்கச்சி," என்றார். ஒரு காயை எடுத்து மணந்து பார்த்தார். "இது மிஸி வீட்டுக் காய் இல்லயே."

"மிஸி இல்லீங்க நானா. இது சந்தையில வாங்கினது."

அவருக்கு அது தெரியாது. வாய்க்குள் எதையோ ஓதினார். பிறகு காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கூடையில் போட்டார். நான் பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. ஏன் இந்த ஊருக்கு வந்தீர்கள், இங்கேதானே எரித்தார்கள் என்று எதையோ கேட்டு வைத்தேன்.

"இங்க எரிச்சாங்க, உண்மதான். அடுத்த நாள் பக்கத்து வீட்டாள் தண்ணி கொண்டந்தான். அங்க ஒருத்தனும் எரிக்கல. பேச ஆள் இல்லாமப் போச்சி," என்றார்.

வாளி காலியாயிற்று. அதை மடியில் வைத்து அந்த நசுங்கலை விரலால் தடவினார்.

"மூணு நாள் இது சும்மா வந்திச்சி. எனக்கு விளங்கிச்சி. நீங்க கொட்டிருக்கீங்க. அதாலதான் நாலாம் நாள் நானே வந்த. கஞ்சி தாரதுக்கு இல்ல. மொகத்தப் பாத்தா தங்கச்சிக்கு வெக்கம் வந்து ஒரு வாய் குடிப்பான்னு நெனச்சிட்டு வந்த. உள்ளுக்குதான் நிண்டீங்க. கதவுக்குக் கீழால கால் தெரிஞ்சிச்சி."

மன்னிப்புக் கேட்கும் சொற்கள் தமிழில் எத்தனையோ இருக்கின்றன, ஒன்றும் என் வாய்க்குப் பொருந்தவில்லை. அழுகையும் வரவில்லை, அழுதால் அவரல்லவா என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அப்படியே நின்றேன். அவரும் உட்காரச் சொல்லவில்லை. உள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவர் வாளியை அவளிடம் கொடுத்து, பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியைக் கொஞ்சம் ஊற்றி வரச் சொன்னார்.

"வாளிய நீங்களே வெச்சிக்கோங்க. ஆனா அது எங்கட வாளி, ஞாபகம் ஈக்கட்டும். இனி எனக்குப் படி ஏறி வர ஏலாது. வேணும்னா நீங்கதான் வரணும்."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நோன்பில் நாலு தரம் போனேன். போகும்போது ஒவ்வொரு தடவையும் கதவு திறந்துதான் இருந்தது.

இப்போது மறுபடியும் நோன்பு. வாளியை ஆணியிலிருந்து எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சந்தையில் இப்போது தேசிக்காய் நன்றாக இல்லை, எல்லாம் சாறில்லாத காய். வாளிக்குள் என்ன போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சும்மா கொண்டுபோகக் கூடாது. வெளியே நடத்துநர் பஸ்ஸைத் தட்டிக் கூவிக்கொண்டிருக்கிறான். அடுத்த பஸ்ஸில் போகலாம், அதற்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.